இருபத்திரண்டு அத்தியாயங்களுக்குப் பிறகு நின்றுபோன நாவல்

கேள்வி: மேலூருக்குக் கிழக்கே ஒரு கடைமடைக் கிராமம் என் ஊர். அரசுப் பள்ளியில் கணித ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. எங்கள் கண்மாயையும், தலைமுறை தலைமுறையாக அதன் மடையைத் திறந்து அடைத்துவந்த ஒரு நீர்பாய்ச்சிக் குடும்பத்தையும் வைத்து நாவல் எழுதிவருகிறேன். 22 அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. இன்னும் ஆறு எழுதினால் முதல் வரைவு நிறைவடையும். ஆனால் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஒரு பக்கம்கூட நகரவில்லை. அடுத்து வரவேண்டியது, மிச்சமிருந்த நிலத்தை அப்பா கல்குவாரிக்காரருக்கு எழுதிக்கொடுக்கும் அத்தியாயம். அதைத் தொடங்கலாம் என்று உட்கார்ந்தால், கை தானாக முதல் அத்தியாயத்தைத் திருத்தப் போய்விடுகிறது. சனிக்கிழமைகளில் மதுரைக்கு வந்து கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் எழுதிப் பார்க்கிறேன். அங்கே அடுக்கடுக்காக இருக்கும் நாவல்களைக் கண்டதும், இத்தனை பேர் எழுதியபின் தமிழ் இலக்கியம் படிக்காத நான் ஒரு சின்ன ஊர்க் கதையை எழுதுவது எதற்கு என்று தோன்றுகிறது. சக ஆசிரியர் ஒருவரிடம் பத்து அத்தியாயங்களைக் கொடுத்தேன். "டிவி தொடர் மாதிரி இருக்கு" என்றார். கதையில் வரும் அப்பா என் அப்பாவேதான். அவர் எங்களோடுதான் வசிக்கிறார். முதல் அத்தியாயத்தின் ஒரு பத்தியைப் பழைய வடிவிலும் திருத்திய வடிவிலும் இணைத்துள்ளேன். மற்ற அத்தியாயங்களெல்லாம் பழைய வடிவின் நடையில்தான் உள்ளன. இரண்டில் எது நன்றாக இருக்கிறது? எனக்கு எழுத வருமா? இதை முடிக்கலாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு வணக்கம்.

உங்களுக்கு எழுத வரும்; இந்த நாவலை நீங்கள் முடிக்க வேண்டும். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய பழைய பத்தியைப் படித்தபின் சொல்கிறேன். அந்தப் பத்திக்குச் சற்றுப் பிறகு வருகிறேன். அதற்கு முன், நாவல் நின்ற இடத்தை நீங்கள் ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

தமிழ் இலக்கியம் படிக்கவில்லை என்ற குறை உங்களுக்கு முதல் அத்தியாயத்தை எழுதும்போதும் இருந்தது. நூலக அடுக்குகளில் உள்ள நாவல்கள் பத்தாம் அத்தியாயத்தின்போதும் எழுதப்பட்டுத்தான் இருந்தன. சக ஆசிரியர் சொன்ன சொல் வலித்திருக்கும். ஆனாலும் அவர் படித்த பத்து அத்தியாயங்களுக்குப் பிறகு இன்னும் பன்னிரண்டு அத்தியாயங்கள் வந்திருக்கின்றன. இவை எதுவும் நிறுத்தாத உங்கள் கையை, அப்பா பத்திரத்தில் கையெழுத்துப் போடும் அத்தியாயம் நிறுத்தியிருக்கிறது. கடிதத்தில் நீங்கள் அடுக்கியிருக்கும் காரணங்கள் பொய் என்று நான் கூறவில்லை. அவை எல்லாம் முன்பே இருந்தவை. இந்த ஒரு காட்சியின் வாசலுக்கு வந்தபின்தான் அவற்றுக்கு இவ்வளவு பலம் கிடைத்திருக்கிறது என்பதே என் கணிப்பு.

நாவல் கைப்பிரதிகளைச் செம்மையாக்கும் வேலையில் நான் அடிக்கடி காண்பது இதுதான். தொடக்கத்திலேயே கைவிடப்படும் நாவல்கள் ஒரு வகை. அவற்றில் பெரும்பாலும் எழுதியவருக்கே கதைமேல் பிடிப்பு இருப்பதில்லை. முக்கால் பங்கு முடிந்து நிற்பவை முற்றிலும் வேறு. அதுவரை கதையில் விதைத்துவந்ததற்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டிய காட்சி அங்கேதான் வருகிறது. அதை எழுதினால் தமக்கே ஏதோ ஒன்று வெளிச்சமாகிவிடும் என்ற பயம் எழுதுகிறவருக்கு வந்துவிடுகிறது. மனம் அந்தப் பயத்தை நேராகச் சொல்வதில்லை. "உன் நடை சரியில்லை, முதல் அத்தியாயத்தை இன்னும் கொஞ்சம் பார்" என்று சொல்கிறது. திருத்துவதும் வேலைதான் என்பதால், நாம் ஓய்ந்து உட்கார்ந்துவிட்டோம் என்ற எண்ணமே வராமல் மாதங்கள் ஓடிவிடுகின்றன. இதில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. 22 அத்தியாயங்கள் எழுதியவருடைய கண், முதல் அத்தியாயம் எழுதியவருடைய கண்ணைவிடக் கூர்மையானது. ஆகவே பழைய பக்கங்கள் இப்போது உங்களுக்குக் குறையாகத் தெரிகின்றன என்றால், இடையில் நீங்கள் வளர்ந்திருக்கிறீர்கள் என்று பொருள். அதையே உங்களுக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது அந்தப் பத்தி. முதலில் நீங்கள் எழுதியது இது: "தண்ணி வந்துருச்சுன்னு சத்தங்கேட்டு எல்லாரும் ஓடுனோம். தாத்தா மட்டும் ஓடல. வரத்துக்கால்ல எறங்கி, குத்தவச்சு, மண்ணுல உள்ளங்கைய வச்சுப் பாத்தாரு. 'இன்னும் பொழுது கெடக்கு. போயிக் கஞ்சியக் குடிச்சிட்டு வாங்க'ன்னாரு." திருத்தியபின் அது இப்படி ஆகியிருக்கிறது: "நீரின் வருகையைக் கட்டியம் கூறும் ஓசை காற்றில் மிதந்து வந்த கணத்தில், அந்த முதியவரின் விழிகளில் தலைமுறைகளின் தாகம் நிழலாடியது. காலம் அவர் கைரேகைகளில் உறைந்து நின்றது."

எது நன்றாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பழையது மிக நன்றாக இருக்கிறது; திருத்தியதை விட்டுவிடுங்கள். பழைய பத்தியில் ஒரு மனிதர் இருக்கிறார். ஊரே ஓடும்போது ஓடாதவர். தண்ணீர் இன்னும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை உள்ளங்கையால் தெரிந்துகொள்ளும் அளவுக்குத் தொழில் அறிந்தவர். அதைப் பெருமையாகச் சொல்லாமல், பிள்ளைகளைக் கஞ்சி குடிக்க அனுப்புகிறவர். இவ்வளவும் நான்கைந்து சிறிய வாக்கியங்களில் வந்துவிட்டன. "ஓடுனோம்" என்ற ஒரு சொல்லிலேயே கதை சொல்லும் சிறுமியும் அங்கே வந்துவிடுகிறாள். திருத்திய பத்தியில் சிறுமி காணாமல் போய்விட்டாள், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் போய்விட்டது, கஞ்சியும் போய்விட்டது. எஞ்சியிருக்கும் முதியவர் எந்த ஊர்க்காரராகவும் இருக்கலாம். சந்தேகத்தோடு உட்கார்ந்து திருத்தினால் நேர்வது இதுதான். நமக்குத் தெரிந்ததை நம்பாமல், இலக்கியம் என்றால் இப்படித்தான் ஒலிக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் குரலை வரவழைக்கப் பார்க்கிறோம். ஆகவே முதல் அத்தியாயத்தின் பழைய பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, அதன்பின் செய்த திருத்தங்களை ஒரு தனிக் கோப்பில் போட்டு மூடிவிடுங்கள். 23-ஆம் அத்தியாயம் அந்தச் சிறுமி வளர்ந்தபின் பேசும் அதே குரலில் வரட்டும்.

தமிழ் இலக்கியம் படிக்காதது குறித்து நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒற்று மிகும் இடமும் மிகா இடமும் தெரிந்த மெய்ப்புத் திருத்துநர்கள் இருக்கிறார்கள். நாவல் முடிந்தபின் அவர்கள் உதவியைக் கூலி கொடுத்துப் பெறலாம். வரத்துக்கால் மண்ணில் கை வைத்துப் பார்த்த ஒருவரை அருகிலிருந்து கண்டவர் இந்த நாவலைப் பொறுத்தவரை நீங்கள் ஒருவர்தான்.

"சின்ன ஊர்க் கதைதானே" என்ற தொனி உங்கள் கடிதம் முழுவதும் இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரியாற்றின் குறுக்கே 1895-ல் அணை கட்டி முடித்து, மேற்கே ஓடிய நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். அந்த நீர் இன்று வைகையில் சேர்ந்து, 1959-ல் கட்டி முடிக்கப்பட்ட வைகை அணையில் தேங்கி, பேரணை என்ற இடத்தில் பிரிந்து, பிரதானக் கால்வாய் வழியே உங்கள் பக்கம் வருகிறது. கள்ளந்திரி வரை இருபோகம். அதற்கு அப்பால் மேலூர்ப் பகுதி ஒருபோகம். தண்ணீர் திறப்பு அறிவிப்புகளில் அந்த ஒருபோகப் பரப்பு 85,563 ஏக்கர் என்று ஏக்கர் கணக்குச் சுத்தமாக எழுதப்பட்டிருக்கும். அந்தத் தண்ணீர் கடைசிக் கண்மாய்க்கு வந்து சேரும் இரவில் யார் விழித்திருந்தார், யார் வயலுக்கு முதலில் திறந்தார், யாருக்கு இல்லை என்றார், அதனால் எந்த வீட்டில் சோறு பொங்கவில்லை என்பதெல்லாம் அந்த அறிவிப்பில் இருக்காது. அதைச் சொல்ல நாவலைத் தவிர வேறு இடமில்லை. கடைமடை ஊரின் நீர்பாய்ச்சி, ஒரு பெரிய பாசன அமைப்பு முழுவதன் நியாயமும் அநியாயமும் வந்து முடியும் இடத்தில் நிற்கிறவர். அவரைப் பற்றி எழுதுவதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள்.

ஏற்கெனவே எழுதிவிட்டார்கள் என்ற கவலைக்கு நம் பக்கத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. வத்தலக்குண்டில் பிறந்த ராஜமய்யர், மதுரை மாவட்டத்துக் கிராமம் ஒன்றைக் களமாக வைத்து எழுதிய 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்தது. தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் நூல் 1879-ல் வெளிவந்து அப்போது பதினான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. ராஜமய்யருக்கு வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. பின்னாளில் அதே வத்தலக்குண்டிலிருந்து வந்த சி.சு.செல்லப்பா, அந்த அக்கிரகாரக் குடும்பக் கதையின் பக்கமே திரும்பாமல், ஜல்லிக்கட்டு நடக்கும் ஒரு பிற்பகலை மட்டும் எடுத்துக்கொண்டு 'வாடிவாசல்' எழுதினார். ஒரே ஊர், ஒருவர் எழுதியது மற்றவருக்கு எதையும் மிச்சமில்லாமல் செய்துவிடவில்லை. வயதைப் பற்றியும் குறிப்பிட்டிருக்கிறீர்கள் என்பதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன்: 1912-ல் பிறந்த செல்லப்பாவின் மிகப் பெரிய நாவலான 'சுதந்திர தாகம்' அவர் எண்பது வயதைக் கடந்தபின்தான் நூலாக வந்தது. அவர் 1998-ல் மறைந்த பிறகு, 2001-ல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

ஆனாலும் சில காலத்துக்கு அந்த நூலக மேசையில் எழுதாதீர்கள். புது நத்தம் சாலையில் 2023-ல் திறக்கப்பட்ட அந்த நூலகம் நம் ஊருக்குக் கிடைத்த பெரும்பேறு; படிப்பதற்கு அங்கே செல்லுங்கள். அடுக்கில் இருப்பவை பலமுறை திருத்தி, பிறர் கை பட்டு, மெய்ப்புப் பார்த்து, அச்சாகி வந்தவை. அவற்றை அண்ணாந்து பார்த்துவிட்டு உங்கள் முதல் வரைவைக் குனிந்து பார்ப்பது, நாற்றங்காலையும் அறுவடைக்கு நிற்கும் வயலையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதுபோல. எழுதுவதற்குப் பள்ளி விட்டபின் காலியாகக் கிடக்கும் வகுப்பறை போதும்.

இனி 23-ஆம் அத்தியாயம். இதுதான் உங்கள் கடிதத்தின் உண்மையான கேள்வி என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அப்பா உயிரோடு இருக்கிறார், ஒரே வீட்டில் இருக்கிறார். அவர் நிலத்தை விற்றதை மகள் எழுதப்போகிறாள். இதில் தயங்காதவர்தான் கவலைக்கு உரியவர். உங்கள் தயக்கத்தில் அன்பு இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. ஆனால் எழுதுவதும் வெளியிடுவதும் இரண்டு வேறு முடிவுகள். இந்த வரைவை நீங்கள் யாருக்கும் காட்டப்போவதில்லை. அச்சுக்குக் கொடுக்கும் காலம் வரும்போது பெயரை மாற்றலாம், விற்றவரைச் சித்தப்பா ஆக்கலாம், ஊரையே கால்வாயின் வேறொரு கிளைக்கு நகர்த்தலாம். அந்த மாற்றங்களை இப்போதே செய்துகொண்டு எழுதினால், உங்கள் அப்பாவும் வரமாட்டார், வேறொருவரும் வரமாட்டார். முதலில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். மறைக்க வேண்டியதைப் பிறகு மறைக்கலாம். அச்சுக்குப் போகும் முன் அப்பாவிடம் நீங்களே உட்கார்ந்து சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவர் பிறர் வாயால் கேட்கக் கூடாது. ஆனால் எழுதி முடிப்பதற்கு அவரிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை.

அந்தக் காட்சியில், அப்பா செய்தது சரியா தவறா என்ற தீர்ப்பைச் சுமந்துகொண்டு போகாதீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அன்று கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். பத்திர எழுத்தர் நான்கெல்லையை வாசிக்கும்போது, "வடக்கே கண்மாய் உள்வாய்" என்ற இடத்தில் அப்பா எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்? சாட்சிக் கையெழுத்துப் போட வந்த இருவர் யார்? அவர்களில் ஒருவராவது அந்த வயலில் நாற்று நட்டவரா? கையெழுத்துப் போடத் தெரிந்தவரிடமும் இடது பெருவிரல் ரேகை வாங்குவார்கள். மடைப் பலகையைத் தூக்கித் தூக்கித் தேய்ந்த விரலில் ரேகை சரியாக விழுந்ததா, மறுபடி வைக்கச் சொன்னார்களா? திரும்பி வரும்போது யார் டீ வாங்கிக் கொடுத்தார்? இவற்றில் எது உங்களுக்கு நினைவிருக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். நினைவில்லாததை யோசித்து இட்டு நிரப்புங்கள். வருத்தம் என்ற சொல்லையே அந்த அத்தியாயத்தில் எழுதாமல் முயன்று பாருங்கள். விற்றதைப் பற்றி அப்பாவிடம் இப்போது எதுவும் கேட்க வேண்டாம். மடையைப் பற்றிக் கேளுங்கள்: பலகையை எப்படித் தூக்குவது, கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாயும்போது என்ன செய்வது, முறைத் தண்ணீர் எப்படிக் கணக்கு வைத்தார்கள் என்று. அவர் விரும்பிச் சொல்லக்கூடியவை அவை; உங்கள் கடைசி ஆறு அத்தியாயங்களுக்கும் அவை தேவைப்படும்.

எழுதும்போது குறுக்கே வரும் சந்தேகங்களை அடக்க முயல வேண்டாம், அது நடக்காது. ஒரு நாற்பது பக்க நோட்டை அவற்றுக்கென்று ஒதுக்குங்கள். "அத்தியாயம் 7: பெரியம்மா ஏன் கோபப்பட்டாள் என்பது தெளிவாக இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு, 7-ஆம் அத்தியாயத்தைத் திறக்காமல் வேலைக்குத் திரும்புங்கள். சக ஆசிரியர் சொன்னதையும் அதிலேயே எழுதிவையுங்கள். அந்தப் பத்து அத்தியாயங்களில் ஒருவேளை அழுகையும் வசனமும் கூடியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முழு நாவலும் கையில் இருக்கும்போதுதான் அது தெரியும். அவரிடமோ வேறு யாரிடமோ இனி துண்டு துண்டாகக் கொடுக்காதீர்கள். இடையில் ஏதேனும் மாற்றம் தோன்றினால், உதாரணமாகத் தம்பியை அண்ணனாக்க வேண்டும் என்று பட்டால், ஆரம்பத்திலிருந்தே அவன் அண்ணன்தான் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுங்கள். பின்னால் போய்ச் சரிசெய்வது இரண்டாம் வரைவின் வேலை. தகவல் தெரியாத இடத்தில், "இந்த ஆண்டில் ரேகையை மையில் எடுத்தார்களா, கருவியில் எடுத்தார்களா, விசாரிக்க" என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுத் தாண்டிச் செல்லுங்கள். விசாரிக்கப் போனால் அன்றைய எழுத்து போய்விடும்.

முதல் அத்தியாயத்தை இப்போது செப்பனிட முடியாததற்கு, மனநிலை சாராத காரணம் ஒன்றும் இருக்கிறது. ஒரு நாவலின் தொடக்கம் எதை முன்கூட்டி உணர்த்த வேண்டும் என்பதை முடிவுதான் தீர்மானிக்கிறது. கடைசியில் அந்தச் சிறுமி ஊரிலேயே இருக்கிறாளா, கிளம்பிவிடுகிறாளா, கண்மாயில் தண்ணீர் நிற்கிறதா, கல்தூசி நிற்கிறதா என்பது தாளில் வராத வரை, தாத்தா மண்ணில் கை வைக்கும் காட்சிக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

நீங்கள் கணித ஆசிரியை என்பதால் ஒரு கணக்கு. ஆறு அத்தியாயங்கள், அத்தியாயத்துக்கு 2,500 சொற்கள் என்று வைத்தால் 15,000 சொற்கள். வாரத்தில் ஐந்து நாட்கள், நாளுக்கு 300 சொற்கள் எழுதினால் பத்து வாரங்களில் முடிந்துவிடும். 300 சொற்கள் என்பது நோட்டில் இரண்டு பக்கத்துக்குள் அடங்கும். விடைத்தாள் திருத்தும் வாரங்களில் பாதி எழுதினாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வாரங்களைத் தாண்டாது. நன்றாக வந்த நாளிலும் 300-ஐத் தாண்டி வெகுதூரம் ஓடாமல், அடுத்த வாக்கியம் என்ன என்று தெரிந்திருக்கும் இடத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மறுநாள் வெறுந்தாளைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நிலை வராது.

முடித்தபின் ஒரு மாதம் அதைத் தொட வேண்டாம். பிறகு தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் வருமாறு முழுவதையும் அச்செடுத்து, கையில் பேனா இல்லாமல் ஒருமுறை முழுவதும் படியுங்கள். இரண்டாம் முறை அந்தச் சந்தேக நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். அதில் எழுதியவற்றுள் இன்னும் உண்மையாக இருப்பவற்றைத் தனியே குறித்துக்கொண்டு, அந்தப் பட்டியலையும் முழுப் பிரதியையும் எனக்கு அனுப்புங்கள். முதல் அத்தியாயத்தைப் பற்றி எனக்கு வேறு சில கருத்துகளும் உண்டு. இப்போது சொன்னால் நீங்கள் மறுபடியும் அதையே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள் என்பதால், அவற்றை அப்போது எழுதுகிறேன்.